யாருடைய கடனைப் பேசுகிறோம்?

2022-ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 24, திங்கட்கிழமை. அதற்குச் சரியாக இரண்டு வாரத்துக்கு முன்னால், அக்டோபர் 10-ஆம் தேதி, நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. நவம்பர் 19-இல் 15-ஆவது பொதுத்தேர்தல். அதனால் அந்த வருஷம் எந்த வீட்டுக்குப் போனாலும் முறுக்குத் தட்டோடு தேர்தலும் சேர்ந்தே வந்தது. 18 வயதினருக்கு வாக்குரிமை கிடைத்த பிறகு நடந்த முதல் பொதுத்தேர்தல் அது. எனக்கு அப்போது 20 வயது. முதல் ஓட்டு. பேசாமல் இருக்க முடியுமா?

பேசினேன். நான் பேசிய பேச்சால் என் வீட்டுக்கு மாமா இரண்டு வருஷம் வரவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீடு கிள்ளானில். அப்பா தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அம்மா வீட்டிலேயே பலகாரம் செய்து ஆர்டர் எடுப்பவர். எனக்கு ஓர் அண்ணன். மாமா அம்மாவுக்கு மூத்தவர், லோரி ஓட்டியே சொந்தமாக இரண்டு லோரி வாங்கியவர். பல வருஷமாக ஒரே கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறார். எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

தீபாவளி அன்று மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். பேச்சு தேர்தலுக்குப் போனது. மாமா அவர் கட்சியைப் பற்றிச் சொன்னார். அண்ணன் "எல்லாம் ஒண்ணுதான் மாமா" என்றான். நான் விடவில்லை. நாட்டின் கடனைப் பற்றி நான் நிறைய படித்து வைத்திருந்தேன். அரசாங்கத்தின் கடன் ஒரு டிரில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது, அதற்கு யார் பொறுப்பு என்று ஆரம்பித்து, கடைசியில் இப்படி முடித்தேன்: "கடன் வாங்கிப் பெருமை பாக்குறவங்களுக்கு வெக்கமே கிடையாது. அவங்களுக்குப் போய் நீங்க ஓட்டுப் போடுறீங்க."

மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். "கடனைப் பத்தி நீ பேசுறியா?"

அம்மா உடனே, "அண்ணே, வேணாம்ணே. சின்னப் பையன்," என்றார். மாமா கேட்கவில்லை.

"நீ கட்டியிருக்கிற வேட்டி, உங்க அண்ணன் ஓட்டுற காடி, இந்தத் தட்டுல இருக்கிற ஆட்டுக்கறி, எல்லாம் என் காசுடா. மூவாயிரத்து ஐந்நூறு வெள்ளி. உங்கப்பனக் கேளு."

யாரும் பேசவில்லை. அப்பா எழுந்து கையைக் கழுவிவிட்டு வெளியே போய் நின்றார். சோறு பாதிக்கு மேல் தட்டிலேயே இருந்தது. மாமா குடும்பம் காப்பி குடிக்காமல் கிளம்பியது.

பிறகுதான் விஷயம் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து அப்பாவுக்கு ஓ.டி. இல்லை. அந்தக் காலத்தில் வாங்கிய தனிநபர் கடன் இன்னும் முடியவில்லை. 2022 ஏப்ரலில், 55 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இபிஎஃப்-இல் பத்தாயிரம் வெள்ளி வரை எடுக்கலாம் என்று அனுமதித்தார்களே, அதில் அப்பாவும் எடுத்திருக்கிறார். அது பாட்டியின் மருத்துவச் செலவுக்கும் வீட்டுக் கூரைக்கும் போய்விட்டது. செப்டம்பரில் அண்ணனின் காடிக்கு இரண்டு மாதத் தவணை கட்டவில்லை என்று கடிதம் வந்தது. தொடர்ந்து இரண்டு மாதம் நின்றால் வாகனத்தைத் திரும்ப எடுக்கும் வேலையை அவர்கள் தொடங்கலாம். அப்பா மாமாவிடம் போய் நின்றிருக்கிறார். தவணை போக மிஞ்சியதில்தான் எங்கள் தீபாவளி.

இந்தச் சம்பவத்தில் தப்பு யார் மேல்? முதலில் நான் மாமா மேல்தான் போட்டேன். மூன்று வருஷமாக யோசித்ததில் அது அவ்வளவு சுலபம் இல்லை என்று தெரிகிறது.

மாமா சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. காசு கொடுத்தது உண்மை. தொகையும் சரி. அப்படியானால் அது வாய்மையா? திருக்குறளில் வாய்மை என்ற அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் வாய்மை என்று வள்ளுவர் ஆரம்பிக்கவில்லை. பிறருக்குத் தீமை இல்லாத சொல்லைத்தான் வாய்மை என்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இது எனக்கு ஏதோ சமாளிப்பு மாதிரி இருந்தது. அந்த மதியத்துக்குப் பிறகுதான் புரிந்தது. மாமா அந்த உண்மையை எங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. என் வாயை அடைக்கச் சொன்னார். அடி விழுந்தது என் மேல் இல்லை, அப்பா மேல்.

ஆனால் நான் சொன்னது? நாட்டுக் கடனைப் பற்றி நான் சொன்ன புள்ளிவிவரமும் உண்மைதான். அதையும் மாமாவை ஜெயிப்பதற்காகத்தான் சொன்னேன். அதோடு "கடன் வாங்குபவனுக்கு வெட்கமில்லை" என்று பொதுவாக ஒரு போடு போட்டேன். எனக்கு எதிரே கடன் வாங்கிய ஒரு மனிதர், அந்த வெட்கத்தாலேயே ஒரு மாதமாகத் தூங்காமல் இருந்தவர், எனக்குக் கறி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மாமா அடிப்பதற்கு முன்னால் நான் அடித்துவிட்டேன். எனக்குத் தெரியாது என்பது ஒரு சமாதானம்தான். தெரிந்துகொள்ள நான் என்ன முயற்சி செய்தேன்? அப்பா இரண்டு மாதமாக வெளியே டீ குடிப்பதைக்கூட விட்டிருந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை. டெலிஃபோனில் அரசியல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டெலிஃபோனும் "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்று எடுத்ததுதான். அதில் 640 வெள்ளி பாக்கி இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு விஷயம் சொல்கிறேன். நம் நாட்டில் குடும்பங்களின் கடன் 2023 இறுதியில் ஏறக்குறைய 1.5 டிரில்லியன் ரிங்கிட். நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 84 விழுக்காடு. மத்திய அரசாங்கத்தின் கடனைவிட அது அதிகம். அதில் பெரும்பகுதி வீட்டுக் கடன், எல்லாமே கெட்ட கடன் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். சிறிய கடனைப் பற்றி நாம் ஊரெல்லாம் கத்துகிறோம். பெரிய கடன் நம் வீட்டு அலமாரியில், கடித உறைக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை.

ஏன்? நாட்டுக் கடனைப் பேசினால் நமக்கு ஒன்றும் குறையாது, அறிவாளி என்று பெயர் கூடக் கிடைக்கும். வீட்டுக் கடனைப் பேசினால் நாம் ஏதாவது செய்தாக வேண்டும். புது டெலிஃபோனை விட வேண்டும், காடியை விட வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். என் அரசியல் கருத்துக்கு அன்றைக்கு நான் ஒரு காசு விலை கொடுக்கவில்லை. விலை முழுவதும் அப்பா கொடுத்தார்.

அப்பாவின் மௌனத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஒருநாள் இரவு மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். "ஏன்பா எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வேட்டி எடுத்திருக்க மாட்ட. உங்கம்மா பலகாரம் சுடும்போது அழுதுக்கிட்டே சுடும். வருஷத்துக்கு ஒரு நாள்டா."

இதற்கு மேல் ஒரு பிள்ளை என்ன கேட்பது? ஆனாலும் இதில் எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை. அப்பா செய்தது அன்பு. அதே அன்பு 20 வயதுப் பையனையும், சம்பாதிக்கும் அண்ணனையும் கைக்குழந்தையாகவே வைத்திருந்தது. தெரிந்திருந்தால் வேட்டி வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பாவது எனக்கு இருந்திருக்கும். அந்த வாய்ப்பை அப்பா எடுத்துக்கொண்டார். மறைப்பது எப்போதும் பொய் ஆகாது. ஆனால் சேர்ந்து சுமக்க வேண்டியதை ஒருவரே மறைத்துச் சுமப்பது மற்றவர்களுக்குச் செய்யும் நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நம் சமயம் மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது. தேவ கடன், ரிஷி கடன், பித்ரு கடன். தமிழில் கடன் என்றாலே கடமை என்றும் பொருள். தீபாவளிக்கு முன்தினம் பாட்டியின் படத்துக்கு முன்னால் படையல் போட்டுக் கும்பிட்டோம். அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். மறைந்தவருக்குச் செய்ய வேண்டிய கடனில் குறை வைக்கவில்லை. அவருடைய ஆஸ்பத்திரிச் செலவைத் தன் சேமநிதியிலிருந்து கட்டிய மகன் பக்கத்திலேயே நின்றார். அவருக்கு நான் பட்ட கடன் என்ன என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்படி நடந்த வீடுகளில் அதற்குப் பிறகு ஒரு சட்டம் போடுவார்கள்: "பெருநாள் அன்னைக்கு அரசியல் பேசக்கூடாது." எங்கள் வீட்டிலும் அம்மா போட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அரசியல் எங்கள் வீட்டுக்கு வெளியே இல்லை. இபிஎஃப் பணத்தை எடுக்க அனுமதித்தது ஓர் அரசியல் முடிவு. அந்தப் பத்தாயிரம் எங்கள் கூரையில் இருக்கிறது, அப்பாவின் முதுமைக் காலத்தில் இல்லை. அது சரியான முடிவா, தவறா? அன்றைக்கு அப்பா மட்டும் வாய் திறந்து, "நான் எடுத்தேன், இதுக்குச் செலவாச்சு, இப்ப கையில இவ்வளவுதான் இருக்கு" என்று சொல்லியிருந்தால், நானும் மாமாவும் கத்திய கத்தலைவிட அது நூறு மடங்கு நல்ல அரசியல் பேச்சாக இருந்திருக்கும்.

வரவு சிறியதாக இருந்தாலும் செலவு அதைவிட அகலாமல் இருந்தால் கெடுதி இல்லை என்ற கருத்தைச் சொல்லும் குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது தெரியுமா? வலியறிதலில். பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் இடத்தில். தன் பலம் எவ்வளவு என்று தெரிந்துகொள் என்று அரசனுக்குச் சொன்ன அதே அறிவுரை கிள்ளானில் ஒரு தாமான் வீட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. அரசாங்கத்தைக் கேட்கும் கேள்வியை முதலில் என்னிடமே கேட்டுக்கொண்டால், அடுத்தவரிடம் கேட்கும்போது குரல் தானாகவே இறங்கும்.

2023 பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்தோம். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினோம். அப்பாவின் தனிநபர் கடன் 11,000. மாமாவுக்கு 3,500. அண்ணனின் கிரெடிட் கார்டு 4,000. என்னுடையது 640. காடி நீங்கலாக 19,140 வெள்ளி. அம்மா அழுதார், உண்மைதான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவுதானா, நான் இன்னும் அதிகம்னு நெனச்சேன்," என்றார். மறைத்த கடனை அவர் மனசுக்குள்ளேயே பெருக்கி வைத்திருந்திருக்கிறார்.

அண்ணனின் கார்டு கணக்கைப் போட்டுப் பார்த்தோம். வருஷத்துக்கு 18 விழுக்காடு வட்டி. நான்காயிரத்துக்கு மாதம் 60 வெள்ளி வட்டி மட்டும். குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 200 கட்டினால் 140 தான் கடனில் கழியும். மறுபடி கார்டைத் தேய்த்தால் அதுவும் போச்சு. அவன் மூன்று வருஷமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தான். ஏகேபிகே-க்குப் போகச் சொன்னோம். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது அது, ஆலோசனைக்குக் காசு கிடையாது. போவதற்கு அவன் இரண்டு மாதம் வெட்கப்பட்டான். போய்வந்த பிறகு, "அங்க நம்ம ஆளுங்க, சீனர், மலாய்க்காரர் எல்லாரும் உக்காந்திருக்காங்கடா" என்று சொன்னான். ஏதோ பெரிய பாரம் இறங்கின மாதிரி.

மாமாவின் காசை நானும் அண்ணனும் மாதம் 250 என்று 14 மாதத்தில் முடித்தோம். 2023 தீபாவளிக்கு அவர் வரவில்லை. 2024 மார்ச்சில் கடைசித் தவணையை நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். மாமா காசை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு உங்கப்பாவுக்கு வாக்குக் கொடுத்துத்தான் அந்தக் காசைக் கொடுத்தேன்டா," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது எனக்குத் தெரியாத விஷயம். நான் கோபமாக இருந்த அந்தக் காலம் முழுவதும் அவரும் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

2024 தீபாவளிக்கு மாமா வந்தார். அந்த வருஷம் கறி குறைவு, ஆள் அதே ஆள். சாப்பிட்டுவிட்டு அரசியல் பேசினோம். அவர் கட்சி மாறவில்லை, நானும் மாறவில்லை. குரல் இரண்டு முறை ஏறியது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்பா சிரித்தார்.

எல்லா வீட்டிலும் இப்படி முடியாது என்று எனக்குத் தெரியும். சில வீடுகளில் ஆலோங் வரை போயிருக்கும். சில உறவுகள் திரும்பி வராது. கடனை எல்லார் முன்னாலும் கொட்டுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. சொந்தக்காரர்களில் யார் வாய் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பெருநாளுக்கு நாட்டைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னால், அப்பாவையோ அம்மாவையோ தனியாகக் கூப்பிட்டு, "இந்த வருஷம் செலவுக்கு எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேளுங்கள். முதல் தடவை "அதெல்லாம் உனக்கெதுக்கு" என்பார்கள். எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் பாக்கி எவ்வளவு என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள்.