திருவெண்பாக்கத்துக் கேள்வி

அணை கட்டித் தண்ணீர் தேக்கும்போது வயல், வீடு, கிணறு, சுடுகாடு எல்லாவற்றோடும் கோயிலும் முழுகிப்போகிறது. வயலுக்கும் வீட்டுக்கும் அரசு ஒரு விலை வைத்துவிடுகிறது. கோயிலைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி மிச்சமாக நிற்கிறது: கல் நீருக்கடியில் கிடக்க, அதில் குடியிருந்த தெய்வம் எங்கே இருக்கிறது? முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு ஒருவர் ஸ்கூபா முக்குளிப்பவராக அந்தக் கருவறைக்குள் நுழைந்தால், அவர் நுழைவது சந்நிதிக்குள்ளா, வெறும் கற்குவியலுக்குள்ளா?

இந்தக் கேள்வி எழுந்த ஊர் பூண்டி. தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டு. பழனி மலைத்தொடரின் மேல்மலையில், மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் ஒரு பூண்டி இருக்கிறது. அந்த மலையின் பேர்பெற்ற கொடைக்கானல் ஏரியும் மனிதர் உண்டாக்கியதுதான். மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச், சதுப்புப் பள்ளத்து ஓடைகளை மறித்து 1863-இல் அதை அமைத்தார். முழுகியது சதுப்புநிலம் என்பதால் அங்கே இந்தக் கேள்வி எழவில்லை. எழுந்தது திருவள்ளூரை அடுத்த இன்னொரு பூண்டியில்.

கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே, சென்னைக்குக் குடிநீர் தருவதற்காக 1944-இல் கட்டி முடிக்கப்பட்டது பூண்டி நீர்த்தேக்கம். சென்னை மேயராக இருந்து அந்தத் திட்டத்துக்குப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரை அது தாங்குகிறது. இன்றைய கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. நீர் நிறைந்த இடத்தில் பழைய திருவெண்பாக்கம் இருந்தது. தேவாரப் பாடல் பெற்ற சிவத்தலம். ஊன்றீஸ்வரர் கோயில் கொண்ட ஊர். நீருக்கடியில் போன தெய்வத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியை, அணை வருவதற்கு ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இந்த ஊரில் நின்று கேட்டுவிட்டார்.

அவர் தேவாரம் பாடிய சுந்தரர். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது அவரைப் பிரிவதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்தவர். திருவாரூர் நினைவு தாங்காமல் சத்தியத்தை மீறி ஊர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களும் இருண்டுபோயின. தடுமாறியபடி வெண்பாக்கம் வந்து சேர்ந்தவருக்கு எதிரே கோயில் தெரியவில்லை, லிங்கம் தெரியவில்லை. நீர் இந்தக் கோயிலில் இருக்கிறீரா என்று கேட்டார். இருக்கிறோம், நீ போகலாம் என்று பதில் வந்தது. கண் வரவில்லை, கையில் ஊன்றிக்கொள்ள ஒரு கோல் மட்டும் கிடைத்தது. கோபத்தில் அவர் அந்தக் கோலை வீச, அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்கிறது தலபுராணம். அம்பாளோ மின்னல் ஒளி காட்டி வழிநடத்தினாளாம். மின்னொளியம்மை என்ற பெயர் அதனால் வந்தது. பிறகு காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் மீண்டன.

பார்வை இருப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். கற்பூர ஒளியில் லிங்கத்தைப் பார்த்ததும் இருக்கிறார் என்று தீர்மானித்துவிடுவார். பார்க்க முடியாதவருக்குத்தான், காண்பதும் இருப்பதும் வேறு வேறு என்பது உறைக்கிறது. கிடைத்த பதிலிலும் இரண்டு பாதி உண்டு. இங்கே இருப்பதை ஒப்புக்கொள்கிறது முதல் பாதி. இங்கேயே நின்றுவிடாதே என்று அனுப்பிவைக்கிறது மறுபாதி. மூழ்கிய கோயிலைப் பற்றிய வாதங்கள் அனைத்தும் இந்த இரண்டு பாதிகளுக்கு நடுவேதான் நடக்கின்றன.

சைவ ஆகமங்கள் இரண்டாம் பாதியின் பக்கம் நிற்கின்றன. கல் தானாகத் தெய்வமாவதில்லை, பிரதிஷ்டையால் ஆகிறது. அப்படி ஏற்றிய சாந்நித்தியத்தை, அதாவது தெய்வ இருப்பை, முறைப்படி இறக்கவும் முடியும். அந்தக் கிரியைக்குக் கலாகர்ஷணம் என்று பெயர். நூல் சுற்றிய குடத்தில் நீர் நிரப்பி, மாவிலையும் தேங்காயும் வைத்து, மூலவருக்கும் குடத்துக்கும் இடையே தர்ப்பைக் கயிறு கட்டுகிறார்கள். மந்திரத்தோடு கல்லில் இருந்த கலைகள் எனும் தெய்வ ஆற்றல்கள் குடத்து நீருக்கு வந்துசேர்கின்றன. பழைய கோயிலைப் புதுக்குமுன் பாலாலயம் செய்யும் ஊர்களில் இன்றும் இதைப் பார்க்கலாம். இந்தக் கணக்கில், அணைநீர் கருவறையைத் தொடும் முன்பே தெய்வம் ஒரு குடம் நீரில் ஏறிப் புறப்பட்டுவிடுகிறது. திருவெண்பாக்கத்து இறைவனுக்கும் பூண்டியில் புதுக்கோயில் எழும்பி, 1968-இல் குடமுழுக்கு நடந்தது. அணை வந்ததற்கும் அதற்கும் இடையே இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள்.

குடமுழுக்குச் செய்யச் சிவாசாரியார் இல்லாத தெய்வங்கள் ஊருக்கு ஊர் உண்டு: எல்லைக்காவல் சாமி, மரத்தடி அம்மன், குலதெய்வம். அவர்களுக்காக ஆகமத்தைப் புரட்டுவோர் இல்லை. ஆனாலும் இடம்பெயரும் மக்கள் அவர்களை விட்டுவிட்டுப் போனதில்லை. பழைய கோயிலடியில் ஒரு பிடி மண் எடுத்து, துணியில் முடிந்து, போகிற ஊரில் பீடம் கட்டிப் போடுகிறார்கள். பிடிமண் என்பது அதன் பெயர். ஆகமம் நீரில் ஏற்றுவதை வழக்கம் மண்ணில் ஏற்றுகிறது. தெய்வம் நகரும், ஆனால் வெறுங்கையோடு அழைத்துப்போக முடியாது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

முதல் பாதிக்கும் வலுவான சாட்சிகள் உண்டு. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வது மரபு. மூர்த்தியைத் தூக்கிச் செல்லலாம், தலத்தை எப்படித் தூக்குவது? காஞ்சிபுரத்தில் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்தடியில் நாற்பது ஆண்டுகள் கிடந்து, ஒரு மண்டலம் மட்டும் வெளியே வருகிறார். 1979-க்குப் பிறகு 2019-இல் அவர் எழுந்தருளியபோது, இத்தனை காலம் தண்ணீரில் கிடந்த மரம்தானே என்று அவரைக் கடந்துபோகக் கூட்டத்துக்கு மனம் வரவில்லை. திருவானைக்காவில் லிங்கத்தைச் சுற்றி ஊறும் நீரே வழிபாட்டின் உயிர். நீரில் மூழ்குவதால் மட்டும் புனிதம் கரைந்துவிடாது என்பதற்கு இவை போதும். ஆனால் அத்திவரதரைக் குளத்தில் வைப்பது வழிபாட்டின் ஒரு பகுதி. ஊரையே காலிசெய்துவிட்டு வரும் வெள்ளம் அப்படிப்பட்டதன்று. இந்த வேறுபாட்டை மறந்து, மூழ்கினாலும் தெய்வம் அங்கேதான் இருக்கிறது என்று நிலமிழந்தவரிடம் ஆறுதல் சொல்வது கொடுமை.

மேட்டூர் இந்த வாதத்தை வேறொரு பக்கமிருந்து காட்டுகிறது. 1934-இல் முடிந்த அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அது 70 அடிக்குக் கீழே இறங்கும் கோடைகளில், பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவத் தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டுகின்றன. நந்தியைக் கும்பிட வருவோர் உண்டு. விதிப்படி பார்த்தால் சாந்நித்தியம் நீங்கிய கல். ஆனாலும் சேறு காய்ந்த திமிலைக் கண்டதும் கை தானாகக் குவிகிறது. அந்தக் கும்பிடு கல்லுக்கு மட்டுமானதன்று. அதைச் சுற்றி ஒரு காலத்தில் உழுது விதைத்தவர்களையும் அது தொட்டுச் செல்கிறது.

வற்றும்வரை காத்திருக்காமல் உள்ளே இறங்கிப் பார்க்கும் வசதி 1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் கஞ்ஞானும் உருவாக்கிய நீரடி மூச்சுக் கருவியால் வந்தது. பூண்டி அணை முடிந்ததற்கு முந்திய ஆண்டு அது. சீனாவில் 1959-இல் அணை நீருக்குள் போன ஷிசெங் நகரத்தின் செதுக்கு வளைவுகளை முக்குளிப்பவர்கள் இன்று சுற்றிப் பார்க்கிறார்கள். முழுநீர்மட்டமே 35 அடிதான் என்பதால் பூண்டியில் ஆழம் பெரிய இடராக இராது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அதன்படி அங்கே அடித்தளத்தில் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வண்டல்தான் தடை. ஆறு கொண்டுவந்து படிய வைத்த மண் துடுப்புக்காலின் ஒரே அசைவில் புகையாக எழும். கைவிளக்கின் ஒளி அந்தத் துகள்களில் பட்டுத் திரும்பி, முகத்துக்கு முன்னால் ஒரு பழுப்புச் சுவராக நிற்கும். பிறகு கண்ணுக்கு வேலையில்லை. விரல்களே தூணின் பட்டையையும் படியின் விளிம்பையும் தேடித் தடவ வேண்டும். வெண்பாக்கத்துக்கு வந்த சுந்தரரின் நிலை அப்படியே திரும்புகிறது. கேட்கலாம், தொடலாம், பார்க்க முடியாது.

அங்கே கிடக்கும் கல்லை எடுத்துவர முக்குளிப்பவருக்கு உரிமை இல்லை. ஆகமப்படி தெய்வம் புறப்பட்டுவிட்டதாக வைத்துக்கொண்டாலும், அந்தக் கற்களுக்கு உரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்: வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அளந்து, வரைந்து, படமெடுத்து அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவது வரை முக்குளிப்பவரின் வேலை நியாயமானது.

பூண்டிப் புதுக்கோயிலில் நந்திக்கு வலக்கொம்பு ஒடிந்திருக்கிறது. பக்கத்தில் சுந்தரர் கோலோடு நிற்கிறார்.