ஏகமனதாக

2019ஆம் ஆண்டு தை மாதம் என் அம்மா எங்கள் அடுக்ககத்தின் மூன்று மாடிகளையும் நடந்தே ஏறி வந்தாள். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் உள்ள எங்கள் காலனியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ஒரு பையில் வேர்க்கடலை, இன்னொரு பையில் முருங்கைக்கீரை. வாட்ச்மேன் லிஃப்ட் பக்கம் விடவில்லை. "வேலைக்கு வர்றவங்க அந்தப் படிக்கட்டும்மா" என்று கையைக் காட்டியிருக்கிறார். அம்மா ஒன்றும் பேசாமல் ஏறிவிட்டாள். முட்டிவலிக்காரி. கதவைத் திறந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

நான் செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினேன். "அவங்க யாரு தெரியுமா? ஓனரோட அம்மா!" என்று கத்தினேன். அந்த மனிதருக்கு அறுபது வயதிருக்கும். செய்யாறு பக்கத்துக்காரர். "தெரியாம ஆயிப்போச்சு சார், செக்ரட்டரிகிட்ட சொல்லிடாதீங்க சார்" என்று கும்பிட்டார். எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது. வெட்கம் பிறகுதான் வந்தது.

மேலே வந்ததும் அம்மா கேட்டாள்: "எதுக்குடா அந்தப் பெரிய மனுசன அந்தக் கத்து கத்துற? என்னோட இன்னும் மூணு பொம்பளைங்க ஏறிச்சுங்க. தெனமும் இப்படித்தான் ஏறுதுங்களாம்."

'ஓனரோட அம்மா' என்று நான் கத்தியதற்கு என்ன பொருள்? விதி சரி, ஆள்தான் மாறிவிட்டது என்பது. பாத்திரம் தேய்க்கிறவள் படியேறலாம், என் அம்மா ஏறக் கூடாது. என் அம்மா பாதி வாழ்நாள் இன்னொருத்தர் வீட்டு வாசலைப் பெருக்கியவள். வாட்ச்மேன் அவளை அடையாளம் கண்டது தப்பே இல்லை. அந்த அடையாளத்திலிருந்து அவளைப் பிய்த்து 'ஓனர்' பக்கம் இழுத்துப்போட்டவன் நான்தான்.

அந்த விதி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018இல், கார் நிறுத்துமிடத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடந்த பொதுக்குழுவில் வந்தது. காபியும் சுண்டலும் உண்டு. லிஃப்டில் வாடை வருகிறது என்றார் ஒருவர். பிள்ளைகள் போய்வரும் இடம், பாதுகாப்பு வேண்டாமா என்றார் இன்னொருவர். 'ஹைஜீன்' என்ற சொல் நாலைந்து முறை வந்தது. சாதி என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் நாற்பத்தெட்டு வீடுகளுக்கும் வேலைக்கு வருகிற பெண்கள் பெரும்பாலும் கண்ணகி நகரிலிருந்து வருகிறவர்கள். 2000க்குப் பிறகு நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் பிடுங்கிக் கொண்டுவந்து துரைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் நடப்பட்ட ஜனங்கள். அந்தக் கூட்டத்தில் ஊரும் சேரியும் என்று யாரும் சொல்லவில்லை. லிஃப்டும் படிக்கட்டும் என்று சொன்னார்கள்.

கை தூக்கச் சொன்னபோது நான் தூக்கவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. சுண்டல் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடிவந்த புதிதில் 'சொந்த ஊர் எது' என்று கேட்டு, பிறகு 'ஊர்ல எந்தத் தெரு' என்று கேட்டு, பிறகு 'குலசாமி எது' என்று கேட்ட மனிதர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் மேடையில் பேசுகிறவன், இதுபோன்ற பத்திரிகைகளில் எழுதுகிறவன். அந்த ஐந்து நிமிடத்தில் எனக்கு வாய் இல்லை. வங்கிக் கடனில் இன்னும் பதினெட்டு வருஷம் பாக்கி இருந்தது.

அம்மா வந்துபோன பிறகு சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 'பணியாட்கள் மின்தூக்கியைப் பயன்படுத்துவதில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. ஏக மனம். அதில் என் மனமும் சேர்த்தி. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஒரு சொல்லின் உள்ளே தான் உட்கார்ந்திருப்பது தெரிய இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

இந்தப் பத்திரிகையில் இதை எழுதுவது எதற்கு என்று சில தோழர்கள் கேட்பார்கள். நம் ஜனங்களுக்கு மனைப்பட்டாவே கிடைக்கவில்லை, இவன் பிளாட் கதை பேசுகிறான் என்பார்கள். நியாயம்தான். ஆனால் இட ஒதுக்கீட்டில் படித்து, வேலைக்கு வந்து, கடன் வாங்கி இப்படிப்பட்ட வீடுகளில் குடியேறிய நம்மவர்கள் இன்று ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் தெருவின் பெயரை மறைத்துக்கொண்டு, மாதாமாதம் பராமரிப்புத் தொகை கட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அந்தத் தொகையில்தான் வாட்ச்மேனுக்குச் சம்பளம் போகிறது. லிஃப்டுக்கு மின்சாரம் போகிறது. மலக்குழிக்குச் செலவு போகிறது. என் பணத்தில், என் பெயரில் ஒரு சங்கம் செய்வதற்கு நான் எவ்வளவு பொறுப்பு?

'இது தனியார் இடம், சேர்ந்து போட்டுக்கொண்ட விதி, பிடிக்காதவர் வாங்க வேண்டாம்' என்பது சங்கக்காரர்கள் எப்போதும் சொல்லும் பதில். இந்தப் பதிலுக்கு வயது அதிகம். அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்தின் ஒரு தெருவில், கறுப்பர்கள் குடியிருக்கக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் 1911இல் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். 1945இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் அங்கே வீடு வாங்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1948இல் தீர்ப்பு வந்தது. அப்படியொரு ஒப்பந்தத்தைத் தனி ஆட்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்வதை அந்த நீதிமன்றம் சட்டவிரோதம் என்று சொல்லவில்லை. அதை நிறைவேற்றிக்கொடு என்று எந்த நீதிமன்றத்திடமும் கேட்க முடியாது என்றது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்ப்பதை அங்கே சட்டம் போட்டுத் தடுக்க 1968 வரை ஆனது. இன்று அதே நாட்டில் வீட்டு உரிமையாளர் சங்கங்கள் புல்லின் உயரத்துக்கும் வேலியின் நிறத்துக்கும் அபராதம் போட்டுக்கொண்டிருக்கின்றன. புல்லைப் பற்றிப் பேசுகிற விதிகளின் மூதாதை எது என்று அங்கேயும் பலருக்கு நினைவில்லை.

நம் நாட்டில் கதை நேர்மாறாகப் போனது. 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்கு வந்த அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கும்பல் வந்து வெளியேற்றியது. ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். அதே குஜராத்தில், அகமதாபாத்தின் ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்று வைத்திருந்த விதியை 2005இல் நம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சங்கம் அமைக்கும் உரிமை என்றார்கள். சிறிய சமூகம் தன்னைக் காத்துக்கொள்ள நினைப்பது வேறு, பெரிய சாதிகள் 'சைவம் மட்டும்' என்று பலகை வைப்பது வேறு என்று வாதிடலாம். எனக்கும் அதில் பாதிச் சம்மதம் உண்டு. ஆனால் தீர்ப்பு கையில் கிடைத்ததும் அதை யார் எடுத்துப் பயன்படுத்துவார்கள் என்று யோசிக்க நமக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

ஆகவே நீதிமன்றத்தை மட்டும் நம்பிப் பயனில்லை, பொதுக்குழுவில் உட்கார வேண்டும். அப்படி உட்காருகிறவர்களுக்கு, நான் அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன். வீட்டின் சொந்தக்காரர் என்பதாலேயே நீங்கள் உறுப்பினர். யாரும் தயவு பண்ணிச் சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் அடுக்கக உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022ஆம் ஆண்டின் சட்டம் 2024 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கிறது. உங்கள் சங்கம் இந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறதா, 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். துணைவிதியின் நகலைக் கையில் வாங்குங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய காகிதம் எல்லாம் துணைவிதி ஆகிவிடாது. எங்கள் லிஃப்ட் விதி துணைவிதியில் எங்குமே இல்லை, செயலாளர் கையெழுத்திட்ட ஒரு தாள், அவ்வளவுதான். 'எந்த விதியின்படி' என்ற ஒரு கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. வாடகைக்கு இருப்பவர்களையும் கூட்டத்துக்கு அழைத்துப் பேசவிடச் சொல்லுங்கள். முக்கியமாக, பேச வாய் வராவிட்டாலும் பரவாயில்லை, எதிர்த்தவர் எண்ணிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் தனியே எழுதச் சொல்லுங்கள். 'எதிர்த்தோர்: 1' என்று இருந்தால் 'ஏகமனதாக' என்று எழுத முடியாது. ஓட்டில் தோற்கலாம், அந்தச் சொல்லுக்குள் மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இதைக் கற்றபின் 2022 கோடையில் அடுத்த சோதனை வந்தது. எங்கள் பகுதிக்குப் பாதாளச் சாக்கடை இல்லை. கழிவுநீரை லாரிதான் எடுக்கும். தொட்டி அடைத்துக்கொண்டது. அடியில் கெட்டிப்பட்டுவிட்டது என்றார்கள். செயற்குழுவில் ஒருவர் சொன்னார்: "லாரின்னா நாலு லோடு, செலவு ஜாஸ்தி. ரெண்டு பேர இறக்கினா அரை நாள்ல முடிஞ்சிடும். கான்ட்ராக்டர் பாத்துப்பாரு, நமக்கென்ன." அந்த 'ரெண்டு பேர்' யாராக இருப்பார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கு முகமே தெரியும், எங்கள் காலனியிலிருந்து சென்னைக்கு வந்த பையன்களில் அந்த வேலைக்குப் போனவர்கள் உண்டு.

இம்முறை சுண்டலைப் பார்க்கவில்லை. பேசவும் இல்லை. எழுதிக் கொடுத்தேன். மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ மலத்தொட்டியிலோ இறக்குவதை, நேரடியாகவோ மறைமுகமாகவோ, யார் செய்தாலும் குற்றம் என்கிறது. மறைமுகமாக என்றால் கான்ட்ராக்டர் பெயரும் காப்பாற்றாது. முதல் முறைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. என் கடிதத்தின் கடைசி வரியில் செயற்குழு உறுப்பினர்கள் எல்லோர் பெயரையும் எழுதி, இதில் பொறுப்பு வரும் என்று முடித்தேன். என் பெயரையும் எழுதினேன், ஏனென்றால் பணம் என்னுடையதும்தான்.

ஆள் இறங்கவில்லை. நாலு லோடு லாரி வந்தது. இயந்திரம் வந்தது. வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கூடுதல். (லாரிக்கு 14420 என்ற எண் இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள்.)

அவர்கள் மனம் மாறி அப்படிச் செய்யவில்லை. கேசு வந்துவிடும் என்று பயந்து செய்தார்கள். பயத்தால் நடந்த நல்லதற்கு அறத்தில் என்ன மதிப்பு என்று நண்பர் ஒருவர், தத்துவம் படித்தவர், கேட்டார். மனம் மாறாமல் விதி மாறிப் பயனில்லை என்பது அவர் கட்சி. அவர் கேள்வியை நான் அலட்சியப்படுத்தவில்லை, ஒரு வாரம் அதையே யோசித்தேன். மனமாற்றத்துக்குக் காத்திருக்கச் சொல்வது எப்போதும் தொட்டிக்கு வெளியே நிற்கிறவர்தான் என்பது மட்டும் எனக்குப் பட்டது. விஷவாயுவுக்குச் செயலாளரின் உள்மனம் தெரியாது. அன்றைக்கு இரண்டு பேர் சாயங்காலம் வீட்டுக்குப் போனார்கள், அவர்கள் யாரென்று எனக்கோ, தப்பித்தோம் என்று அவர்களுக்கோ தெரியாது.

விலை இல்லாமல் இல்லை. "அதான் இவருக்கு இவ்வளவு அக்கறை" என்று ஒரு குரல் மாடிப்படியில் கேட்டது. எதிர்வீட்டிலிருந்து கொலுவுக்கு வரும் அழைப்பு அந்த வருஷம் வரவில்லை. என் மகள் கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். தெருவின் பெயர் வெளியே வந்துவிட்டது. ஒருவகையில் நிம்மதி.

லிஃப்ட் விதியை எடுக்கச் சொல்லித் தீர்மானம் எழுதியபோது, இரண்டாம் மாடியில் வேலை செய்யும் அக்காவிடம், சந்தோஷப்படுவார் என்ற நினைப்பில், காட்டினேன். படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ பேசிட்டு வீட்டுக்குள்ள போயிடுவ தம்பி. மறுநாளு எங்களத்தான வேலைய விட்டு நிறுத்துவாங்க. எங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. 2018இல் பேசாமல் இருந்ததும் அவர்களைக் கேட்காமல்தான், இப்போது பேசப்போவதும் கேட்காமல்தான். பிறகு அவரும் இன்னும் ஐந்து பேரும் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்று சொன்னார்கள். லிஃப்ட் பெரிய விஷயமில்லையாம். உட்கார ஓர் இடம், போக ஒரு கக்கூஸ். நாலு வீட்டு வேலைக்கு நடுவில் போக இடமில்லாமல் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்களாம். நாற்பத்தெட்டு வீட்டிலும் சேர்த்தால் எத்தனை கழிப்பறை என்று என் மனம் எண்ணிப்பார்த்து, என் வீட்டு இரண்டில் வந்து நின்றது. எங்கள் வீட்டில் வேலைக்கு ஆள் இல்லை என்று அதுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தீர்மானத்தை மாற்றி எழுதினேன். முதலில் கழிப்பறை, கார் நிறுத்துமிடத்தை ஒட்டி, பூட்டில்லாமல். பிறகு உட்கார இடம். மூன்றாவதாக லிஃப்ட். இதற்காக யாரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று ஒரு வரி, அதை அந்த அக்கா சொல்லச் சொல்லச் சேர்த்தேன். முதல் பொதுக்குழுவில் ஆறு பேர் ஆதரித்தார்கள். தோற்றோம். எண்ணிக்கை புத்தகத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு பதினான்கு. ஓட்டு எடுக்காமலே கழிப்பறை மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், தீர்மானமாக எழுத மறுத்துவிட்டார்கள். லிஃப்ட் காகிதம் பலகையில் இன்னும் தொங்குகிறது, ஓரம் கிழிந்து.

அம்மா போன மாதம் வந்திருந்தாள். வாட்ச்மேன் வேறு ஆள். "லிஃப்ட்டுல போங்கம்மா" என்றாராம். அம்மா கூட வந்த பெண்களைப் பார்த்திருக்கிறாள். அவர்கள் படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அவளும் பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஏறினாளாம். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டாள். மார்கழியில் என்றேன்.