சுவரில் என் பங்கு

போன மாசம் மாமா போன் பண்ணினார். கல்லறைத் தோட்டத்தில் வேலை நடக்குது, வீட்டுக்கு ஐயாயிரம், உன் பங்கை அனுப்பிடு என்றார். ஓமலூருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரின் கல்லறைத் தோட்டம். அம்மாயி அங்கேதான் இருக்கிறார். ஒரு கேள்வியும் கேட்காமல் ஜிபேயில் அனுப்பினேன். நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியல் வாட்ஸப் குழுவில் வந்தபோது என் பெயரைத் தேடிப் பார்த்தேன். சின்ன சந்தோஷம்தான். யாரும் அதைப் பாவம் என்று சொல்ல மாட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு போட்டோ வந்தது. நான் நினைத்த மாதிரி சுற்றுச்சுவர் இல்லை. தோட்டத்தின் நடுவில் இருந்த கிளுவை வேலியை எடுத்துவிட்டு, அதே கோட்டில் ஹாலோ பிளாக் கல் அடுக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் காலனிக்காரர்கள். ஒரே கோயில், ஒரே பூசை, ஒரே சாமியார். செத்த பிறகு மட்டும் இரண்டு பக்கம். சின்ன வயதிலிருந்து பார்த்த வேலிதான். செடியாக இருந்தவரை என் கண்ணில் அது படவே இல்லை.

மாமாவைக் கூப்பிட்டேன்.

“நடுவுல எதுக்கு மாமா சுவரு?”

“வேலி பட்டுப்போச்சுடா. அதான் கட்டறோம்.”

“வேலியே எதுக்குன்னு கேக்கறேன்.”

“எப்பவும் இருந்ததுதானே? இப்ப யாரு யாரைக் கொறச்சுப் பேசறாங்க? நல்லது கெட்டதுக்குப் போறோம், வர்றோம்.”

“அவங்க வீட்ல சாப்பிடுவீங்களா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: “பெங்களூரு போனதும் உனக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு.”

அந்த ஒரு வரி என்னை விடவே இல்லை. எங்கள் உரையாடலில் தலைக்கனம் பிடித்தவன் நான்தான், சுவர் எதற்கு என்று கேட்டவன். மாமா பொய் சொல்லவில்லை. அவர் எளிமையான மனிதர். தவக்காலம் நாற்பது நாளும் கறி தொடமாட்டார். மனசுக்குள் எவ்வளவு துழாவினாலும் கர்வம் என்று ஒன்று அவர் கையில் சிக்காது. அம்மாயி இன்னும் ஒரு படி மேலே. தினமும் செபத்தில் தன்னைப் பாவி என்று சொல்லிக்கொண்டவர். அதே அம்மாயி வீட்டுத் திண்ணையில் களை எடுக்க வருகிறவர்களுக்கென்று தனி டம்ளர் இருந்தது. இரண்டும் அவருக்குள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதே இல்லை.

ஏன் மோதவில்லை? அகந்தையை ஒரு உணர்ச்சி என்றுதான் நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். பிரசங்கங்களில் அது பணத் திமிர், படிப்புத் திமிர், அழகுத் திமிர். மனசுக்குள் தேடிப் பார், இருந்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல். அரண்மனை மாடியில் உலாவிக்கொண்டு, இந்த பாபிலோன் என் பலத்தால் நான் கட்டியது என்று பூரித்து, பிறகு மாடு மாதிரி புல் தின்ற நெபுகத்னேசர்தான் வழக்கமான உதாரணம். தானியேல் நான்காம் அதிகாரம். அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். நமக்குத்தான் பாபிலோன் இல்லையே.

போன் பேசிய அன்றிரவு பைபிளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனசு ஒரு பக்கம் இருக்க, இது சம்பந்தமான கதைகள் திரும்பத் திரும்ப இடத்தைப் பற்றியே பேசுகின்றன. யார் எங்கே நிற்கிறார், யார் எந்த இருக்கையில், யார் யாரோடு சாப்பிடுகிறார். லூக்கா 14இல் விருந்தில் முதலிடம் பிடிப்பவர்கள். யாக்கோபு கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பொன் மோதிரம் போட்டவருக்கு நல்ல இருக்கை, ஏழைக்கு நிற்கவோ கால்மாட்டில் உட்காரவோ இடம். கலாத்தியர் இரண்டில், அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகிக்கொள்கிறார். பவுல் அவரை முகத்துக்கு நேராகவே எதிர்க்கிறார். அங்கே பேதுருவுக்குத் திமிர் எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது. ஆனாலும் பந்தி இரண்டாகிவிட்டது.

இரண்டாம் குறிப்பேடு 26இல் உசியா ராஜாவின் கதை வருகிறது. பலம் கூடியதும் செருக்கு ஏறுகிறது. குருக்கள் மட்டுமே தூபம் காட்டலாம் என்ற இடத்துக்குள் தானே நுழைகிறார். நெற்றியில் தொழுநோய் வருகிறது. சாகும்வரை தனி வீட்டில் இருக்கிறார். செத்ததும் அரசர்களின் கல்லறையோடு சேர்க்காமல், அதை ஒட்டிய நிலத்தில் அடக்கம் செய்தார்கள் என்றுதான் அந்த வசனத்தை வழக்கமாக விளங்கிக்கொள்கிறார்கள். விவிலியத்தில் தனியாகப் புதைக்கப்படுகிறவர் செருக்குற்ற ராஜா. எங்கள் ஊரில் செருக்கு நடுக்கல்லறையில் இருக்கிறது, மற்றவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம்.

எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் கண்டுபிடித்ததில்லை இது. 1606இல் மதுரைக்கு வந்து சந்நியாசிக் கோலத்தில் வாழ்ந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி, 1623இல் மதுரையை விட்டுக் கிளம்பி சேந்தமங்கலம், சேலம் என்று எங்கள் வட்டாரத்துக்குள் வந்தார். அதே 1623இன் ஜனவரியில்தான் பூணூல், குடுமி, சந்தனத்தை எல்லாம் சமூக அடையாளங்களாக வைத்துக்கொள்ளலாம் என்று போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்திருந்தார். அந்த ஆணையின் கடைசிப் பகுதியில் உயர்குலத்தாருக்கு ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. உலகப் பெருமையை விடுங்கள், எளிய பிறப்புள்ளவர்களைக் கோயிலில் ஒதுக்காதீர்கள் என்று. அனுமதி நடைமுறைக்கு வந்தது. வேண்டுகோள் தாளில் தங்கிவிட்டது. 1640 வாக்கில் தாழ்த்தப்பட்ட சாதியினருக்கென்று பண்டார சுவாமிகள் எனத் தனி குருக்களே ஏற்பட்டார்கள்.

நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்கு பேன்ட் மாதிரி இரண்டு கால். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார், இரண்டும் சேரும் இடத்தில் பீடம். நடுச்சுவரை 1910இல் இடித்தார்கள். திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம்வரை வழக்குப் போனது, தோற்றது. வழக்குப் போட்டவர்கள் கடவுளை நம்பாதவர்களா? பக்தியுள்ளவர்கள்தான். செபம் பண்ணும்போது பக்கத்தில் யார் இருக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை.

சுவர் கோயிலோடு நின்றுவிடுவதும் இல்லை. ஓமலூர்ப் பையன் கோகுல்ராஜ், தலித், என்ஜினியரிங் படித்தவர், 21 வயது. 2015 ஜூன் 23ஆம் தேதி திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் வேறு சாதித் தோழி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. யார் எங்கே நிற்கலாம், யாரோடு நிற்கலாம் என்பதுதான் அங்கேயும் கேள்வி. இப்படிப்பட்ட கொலைகளை முன்பு கௌரவக் கொலை என்று எழுதினோம். இப்போது ஆணவக் கொலை என்கிறோம். அந்தப் பெயர் மாற்றத்தில் ஒரு முழு மறையுரை இருக்கிறது. ஆணவம் தன்னை ஆணவம் என்று ஒருபோதும் சொல்லிக்கொள்ளாது. மானம், கௌரவம், வழக்கம், ‘எப்பவும் இருந்ததுதானே’ என்று வேறு வேறு பெயரில்தான் வரும். போதாததற்கு எதிர்த்துக் கேட்பவனுக்குத் தன் பெயரை மாட்டிவிடும்.

அதனால்தான் தாழ்மையைப் போதிப்பதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. 1960இல் வேலரி செய்விங் என்ற அமெரிக்க இறையியலாளர், அகந்தையே மூலப் பாவம் என்பது ஆண்களின் அனுபவத்திலிருந்து வந்த பார்வை, தன்னையே அழித்துக்கொள்ளப் பழக்கப்பட்ட பெண்களுக்கு அந்தப் போதனை மருந்தாகாது என்று வாதிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் தாழ்மையாக இரு என்று சொன்னால் என்ன அர்த்தம்? நூறு வருஷமாக அதைத்தானே செய்ய வைத்தோம்.

இதோடு முடித்திருந்தால் எனக்கு வசதி. ஆனால் மாமா சொன்னதில் ஒரு பாதி உண்மை. அவர் அந்தப் பக்கம் பேச்சற்றுப் போனாரே, அந்த நொடி எனக்கு இனித்தது. போனை வைத்ததும் மனசுக்குள் ஓடியது இதுதான்: நல்லவேளை, நான் இவரை மாதிரி இல்லை. லூக்கா 18இல் பரிசேயர் கோயிலில் நின்று சொல்கிற செபம் கிட்டத்தட்ட அதேதான். அவருக்குப் பின்னால் தலைகுனிந்து நிற்க ஒரு வரிதண்டுபவர் தேவைப்பட்டார். எனக்கு மாமா. அவரைவிட உயரமாகத் தெரிய எனக்கு ஒரு கல்கூட அடுக்கத் தேவையிருக்கவில்லை.

இதற்காக என் கேள்வி தப்பாகிவிடாது. கேட்டவன் யோக்கியனா என்பதும் சுவர் வேண்டுமா என்பதும் வேறு வேறு விஷயம். என் மனசு சுத்தமாகட்டும், அப்புறம் பேசலாம் என்று காத்திருந்தால் அதற்குள் பூச்சு வேலை முடிந்துவிடும். மனசைச் சரிபார்த்துக்கொண்டே இருப்பதும் அகந்தைக்கு ரொம்பப் பிடித்த ஒளிவிடம்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் பட்டியலில் என் பெயர் இருக்காது, கை சுத்தமாகிவிடும். சுவர் அங்கேயேதான் இருக்கும். அந்த ஐயாயிரத்துக்கு எத்தனை கல் வந்திருக்கும் என்று தெரியவில்லை. அத்தனையும் என்னுடையது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்று திட்டமாம். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்குக் கூட்டம் இருக்கிறது. மாமாவை மறுபடி கூப்பிட்டேன். அன்று சாப்பாட்டைப் பற்றி அப்படிக் கேட்டது தப்பு, மன்னிச்சிருங்க என்றேன். சுவரைப் பற்றிக் கேட்டது தப்பில்லை, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்கப்போகிறேன், நீங்களும் பக்கத்தில் இருக்கணும் என்றும் சொன்னேன்.

“வா, பாக்கலாம்” என்றார். “சனிக்கிழமை ராத்திரியே வந்துரு. சாப்பாடு வெச்சிருப்பா உங்க அத்தை.”

பஸ் டிக்கெட் போட்டாச்சு.