சிறுவனிடம் வாங்கிய முத்திரை

1873ஆம் ஆண்டில், அன்று பிரித்தானிய கயானா என அழைக்கப்பட்ட நாட்டில், 12 வயது மாணவன் ஒருவன் குடும்பத்தின் பழைய கடிதங்களிடையே முத்திரையொன்றைக் கண்டெடுத்தான். 1856இல் வெளிவந்த ஒரு சத முத்திரை அது. உள்ளூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் அதனை 6 சிலிங்கிற்கு வாங்கினார். 2014இல் நியூயோர்க் ஏலத்தில் அதே முத்திரை 94 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று!

அச்சேகரிப்பாளரைக் குறைகூற முடியாது. அதன் அருமையை அன்று அவரும் அறிந்திருக்கவில்லை. ஆனால், அன்பான வாசகரே, அறிந்திருந்தால்? ‘பையன் தானே விரும்பி விற்றான், நான் பொய்யொன்றும் சொல்லவில்லையே’ என்பது தகுந்த மறுமொழியாகுமா?

ஆகாது என்பதே எமது கருத்து. வளர்ந்தவர் இருவர் பேரம் பேசும்போது இருவருக்கும் விசாரித்தறியும் வல்லமை உண்டு. சிறுவனோ தன் முன்னிருக்கும் பெரியவரின் அறிவையே நம்பி நிற்கிறான். அவ்வாறு நம்பப்படுபவர் வாய்மூடியிருப்பதும் ஒருவகை ஏமாற்றே.

உங்கள் வீட்டிலும் முத்திரை அல்பம் இருக்கக்கூடும். 1972க்கு முந்திய ‘சிலோன்’ முத்திரையொன்றை அயல்வீட்டுப் பிள்ளை மாற்றிக்கொள்ளக் கொண்டுவந்தால், அது எந்த ஆண்டினது, ஓரத்துப் பற்கள் பழுதின்றி உள்ளனவா, என்ன பெறும் என்பவற்றை முதலில் அவனுக்கு விளக்குங்கள். மாற்றுவதைப் பின்னர் பேசலாம்.

ஏமாந்ததைப் பிற்காலத்தில் அறியும் பிள்ளை அல்பத்தை மூடிவைப்பான், பெரியவர்களையும் நம்பமாட்டான். உண்மை சொல்லப்பட்ட பிள்ளையோ, நாளை தன்னிலும் இளையவனுக்கு அவ்வாறே சொல்லிக்கொடுப்பான்.