வெளிர் நகமும் அடக்கம் என்னும் அறமும்

ஆன் அரசியின் விருப்பத்தால் 1711-இல் தொடங்கப்பட்ட இங்கிலாந்தின் ஆஸ்காட் திடலில், ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஐந்து நாள் நடைபெறும் அரச குதிரைப் பந்தய விழாவின்போது, அரச வளாகம் எனப்படும் பகுதிக்குள் நுழையும் பெண்ணின் தோற்றத்தில் விதிக்கு உட்படாத இடம் மிகக் குறைவு. ஆடையின் விளிம்பு முழங்காலுக்குச் சற்று மேலே முடியலாம், அதற்கு மேல் ஏறக் கூடாது. தோளில் நிற்கும் பட்டை ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தொப்பி அணியாதவரின் தலையணிக்கு நான்கு அங்குல அடித்தளமேனும் இருக்க வேண்டும். நகத்தைப் பற்றி மட்டும் விதி வாய் திறப்பதில்லை. இருந்தும் அங்கே கூடும் கைகளில் பெரிதும் காணப்படுவன வெளிர் இளஞ்சிவப்பும், பால் வெள்ளையும், பழுப்பேறிய மங்கிய நிறங்களுமே. எழுதிய விதிக்கு உட்படுவது கீழ்ப்படிதல் மட்டுமே. விதி கைவிட்ட இடத்தில் ஒருவர் தாமாகவே தம்மைக் குறைத்துக்கொள்வதுதான் அடக்கம். ஆகவே அடக்கத்தைப் பற்றிய பழைய ஐயம் ஒன்றை ஆராய்வதற்குத் தொப்பியைவிட நகமே ஏற்ற களம். பிறர் கண்டு மெச்சும் வகையில் தேர்ந்துகொள்ளப்படும் அடக்கம் அடக்கம்தானா என்பதே அந்த ஐயம்.

பொருளின் இயல்பை அறிந்தால் ஐயம் இன்னும் வலுக்கும். நகப்பூச்சு என்பது, காய்ந்ததும் படலமாக இறுகும் நைட்ரோசெல்லுலோஸை எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் போன்ற விரைந்து ஆவியாகும் கரைப்பான்களில் கரைத்து, அதில் நிறமிகளைக் கலந்த நீர்மமாகும். நிறமி செறிந்த அடர் சிவப்பு, நகத்தின் வரிகளையும் மஞ்சள் படிவையும் இரண்டே பூச்சில் மூடிவிடும். நிறமி குறைந்த வெளிர் பூச்சோ எதையும் மூடாது. தூரிகை சென்ற தடம் கூடக் கோடு கோடாகத் தெரியும். எனவே நகத்தை முன்கூட்டியே தேய்த்துச் சமன்செய்து, ஓரத்தோலை ஒதுக்கி, ஒரு படலம் காய்ந்த பிறகே அடுத்ததை மெல்லப் பரப்ப வேண்டியிருக்கிறது. ஒன்றும் செய்துகொள்ளாதவர் போன்ற தோற்றத்துக்குத்தான் இங்கே கூடுதல் வேலை. (வெளிர் நிறத்தில் நுனி உதிர்ந்தாலும், நகம் வளர்ந்து அடியில் இடைவெளி விழுந்தாலும் எளிதில் தெரியாது என்பது ஐந்து நாள் விழாவுக்கு வசதிதான், ஆனால் வசதியை அறமாகக் கொள்ள வேண்டியதில்லை.)

இத்தகைய எளிமையைக் கிரேக்கர்கள் ஐயத்துடனே நோக்கினர். டயோஜீனிஸ் லேர்ஷியஸ் தொகுத்த மெய்யியலாளர் வரலாற்றில், ஆன்டிஸ்தெனிஸ் தம் மேலாடையின் கிழிசல் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டதைக் கண்ட சாக்ரட்டீஸ், அந்தக் கிழிசலின் வழியாக அவருடைய தற்பெருமையைக் காண்பதாகச் சொன்ன செய்தி இடம்பெறுகிறது. அரிஸ்டாட்டில் நிக்கோமாக்கிய அறவியலின் நான்காம் நூலில், தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்வதில் மிகைப்படுத்துவோரையும் குறைத்துக்கொள்வோரையும் பிரித்துக் காட்டிய பின், ஸ்பார்ட்டா மக்களின் எளிய உடையை எடுத்துக்காட்டி, அளவு மீறிய குறைவும் ஒருவகைத் தம்பட்டமே என்கிறார். ஆனால் அதே இடத்தில், கண்ணை உறுத்தாத சிறு செய்திகளில் அளவோடு தம்மைக் குறைத்துக்கொள்வோர் பண்பட்டவராகத் தோன்றுகின்றனர் என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார்; அவரை மேற்கோள் காட்டுவோர் இந்தப் பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். ஆஸ்காட்டின் வெளிர் நகம் ஸ்பார்ட்டா உடையின் பக்கமா, இந்தப் பண்பட்டோரின் பக்கமா என்பதை நிறம் தீர்மானிக்க முடியாது.

கிறித்தவ மரபிலும் இரண்டு போக்குகள் உண்டு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜில் எழுதிய தெர்த்தூலியன், பெண்களின் ஒப்பனை பற்றிய நூலில், இறைவன் செம்மறியாட்டை ஊதாவாகவோ வான்நீலமாகவோ படைக்கவில்லை ஆதலால் அவர் தராத நிறத்தைக் கம்பளிக்கு ஏற்றுவது அவர் படைப்பைத் திருத்துவதாகும் என்று வாதிட்டார். இவ்வாதத்தின்படி சிவப்பு நகத்தைவிட வெளிர் இளஞ்சிவப்பு நகமே கூடுதல் குற்றமுடையதாகிவிடும். ஏனெனில் சிவப்பு தன்னைப் பூச்சு என்று வெளிப்படையாகச் சொல்கிறது, வெளிர் நிறமோ தன்னை இயற்கை என்று சொல்லிக்கொள்கிறது. இதற்கு நேர்மாறான திசையில் செல்வது மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம். நோன்பிருப்பவர் வாடிய முகத்துடன் தெருவில் நடந்து தம் பக்தியை விளம்பரம் செய்யாமல், முகம் கழுவித் தலைக்கு எண்ணெய் பூசி மற்றவர்களைப் போலவே தோன்ற வேண்டும் என்று அங்கே அறிவுறுத்தப்படுகிறது. இங்கே பூச்சு மறைப்பது அழகின்மையை அன்று, நற்பண்பை. அலங்காரத்தை விடுவதே விளம்பரமாகிவிடும் சூழலில், அளவான அலங்காரம்தான் அடக்கத்துக்குத் திரையாக அமைகிறது என்னும் இக்கருத்து, தெர்த்தூலியனின் கம்பளி வாதத்தைவிட ஆழமானது.

சிக்கலை அவிழ்க்கப் பெரிதும் உதவுபவர் உரோமச் சிந்தனையாளர் சிசரோ. ஏதென்ஸில் பயின்றுகொண்டிருந்த தம் மகனுக்காகக் கி.மு. 44-இல் எழுதிய ‘கடமைகள்’ என்னும் நூலின் முதற்பகுதியில், ஆளுக்கும் இடத்துக்கும் பொழுதுக்கும் பொருந்தி நடக்கும் இசைவை அவர் அறத்தின் ஒரு கூறாக வைக்கிறார். உடையிலும் மேனிப் பேணலிலும் பட்டிக்காட்டு அசட்டையும் வேண்டாம், மிகைநயமும் வேண்டாம் என்கிறார். இந்த நோக்கில் கேள்வியின் முகமே மாறுகிறது. தன்னைப் பற்றி இந்த நிறம் என்ன சொல்கிறது என்பது பின்தங்கி, இந்த நிகழ்ச்சி யாருடையது என்பது முன்னே வருகிறது. பந்தயத் திடலில் பார்க்கப்பட வேண்டியவை குதிரைகளே. பார்வையாளர் தொலைநோக்கியைக் கண்ணருகே உயர்த்தும்போது பத்து விரல்களும் முகத்துக்கு முன்னே வந்து நிற்கின்றன; அருகிருப்பவரின் பார்வையை அவை ஓட்டத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளாதிருந்தால் அதுவே இசைவு.

இதன் மறுபக்கத்தை அதே திடலின் நடுவே காணலாம். அங்கே குதிரையின் மேல் குனிந்திருக்கும் ஜாக்கிகளின் சட்டையும் தொப்பியும் மஞ்சள், சிவப்பு, மரகதப் பச்சை எனப் பட்டையும் புள்ளியும் கட்டமுமாய்க் கூவுகின்றன. எனினும் அவர்களைத் தற்பெருமைக்காரர் என்று எவரும் சொல்வதில்லை, ஏனெனில் ஒவ்வொரு நிறக்கோவையும் ஓர் உரிமையாளரின் பெயரில் பதிவானது, கூட்டமாய் ஓடும் குதிரைகளுள் எது யாருடையது என்பதைத் தொலைவிலிருந்து அறிவதற்கானது. இரண்டாம் எலிசபெத் அரசியின் நகங்களில் பல்லாண்டுகளாக இருந்தது பாலே ஸ்லிப்பர்ஸ் என்னும் வெளிர் இளஞ்சிவப்பு என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அவர் குதிரையின் ஜாக்கி அணிந்ததோ பொற்பின்னலிட்ட ஊதாச் சட்டை, செந்நிறக் கைப்பகுதி, பொற்குஞ்சம் வைத்த கறுப்பு வெல்வெட் தொப்பி. 2013-இல் எஸ்டிமேட் என்னும் குதிரை ஆஸ்காட் தங்கக் கோப்பையை வென்று, ஆட்சியிலிருக்கும் அரசர் ஒருவருக்கு அக்கோப்பை முதன்முறையாகக் கிடைத்தபோது, இவ்விரு நிறங்களும் ஒருவருக்கே உரியனவாக இருந்தும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. ஊதாவுக்கு அங்கே வேலை இருந்தது, நகத்துக்கு இல்லை.

பொழுது மாறினால் இசைவும் மாறும் என்பதற்கு 1910 சான்று. ஏழாம் எட்வர்டு மன்னர் மே மாதம் மறைய, ஜூனில் ஆஸ்காட் கூடியபோது கோடைத் திடல் முழுவதும் கறுப்புடை. அந்த ஒரு விழாவில் வழக்கமான வெளிர் நிறமே அடங்காத நிறமாகியிருக்கும்.

ஆயினும் சிசரோவின் இசைவுக்குள் ஒரு குறை ஒளிந்திருக்கிறது: எது பொருந்தும் என்பதை முன்பே அறிந்தவர்கள்தாம் பொருந்த முடியும். அரச வளாகத்துக்குள் புதியவர் உறுப்பினராக வேண்டுமானால், ஏற்கெனவே உறுப்பினராயிருப்பவரின் பரிந்துரை தேவை. எழுதப்படாத நிற வழக்கும் அத்தகைய பரிந்துரையின் வழியாகவே கைமாறுகிறது. பகட்டான நுகர்வைத் தகுதியின் அடையாளமாகக் கண்ட தோர்ஸ்டெயின் வெப்ளன் 1899-இல் எழுதியது பெரிதும் பொன்னையும் பட்டையும் பற்றியது; பொன் எல்லார் கைக்கும் எட்டத் தொடங்கிய பிறகு, மங்கலான நிறத்தை அடையாளம் காணும் கண்ணே தகுதிச் சீட்டாகிவிட்டது. கிளிப்பச்சை நகத்துடன் வரும் பெண்ணுக்கு இசைவைக் குலைக்கும் எண்ணம் இல்லாதிருக்கலாம். அவளைக் கண்டு பக்கத்தவரை முழங்கையால் இடிப்பவரின் கவனமோ, நகம் எத்தனை வெளிறியிருந்தாலும், குதிரைகளின் மேல் இல்லை.

ஆங்கில மண்ணிலேயே இந்த ஆபத்தை முன்னுணர்ந்தவர், குவேக்கர் என வழங்கும் நண்பர் சங்கத்தைத் தொடக்கத்திலிருந்து தாங்கி நின்ற மார்கரெட் ஃபெல். ஆடம்பரத்தைத் துறந்த அச்சங்கத்தார் காலப்போக்கில் எளிய உடையையும் ஒரே நிறத்தையும் அங்கத்தினருக்கு அடையாளமாக்க முற்பட்டபோது, எண்பத்தைந்து வயதை ஒட்டியிருந்த அவர் 1700-இல் விடுத்த மடலில், எல்லாரும் ஒரே உடையில், ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பது நற்செய்தியை அற்பமாக்குவது என்று கண்டித்தார். அவர் சொல் எடுபடவில்லை. குவேக்கரின் சாம்பல் நிறம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது.