நடுநிலை எண்ணில் மட்டுமா?

எண்ணுக்கு இனமில்லை, ஏழை, பணக்காரன் என்ற பேதமுமில்லை. ஆகவே எண்ணாற் கூறப்படும் தீர்ப்பு நீதியானதாகவே இருக்கும் என்று நம்மிற் பலர் நம்புகின்றோம். இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது? ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் இவ்வினாவை ஆராய்வதற்கு நல்லதோர் உதாரணமாகும்.

அங்கே 1949ஆம் ஆண்டு முதல் அசோஷியேட்டட் பிரெஸ் என்னும் செய்தி நிறுவனம் கல்லூரி அணிகளைத் தரவரிசைப்படுத்த வாக்கெடுப்பு நடத்தி வருகின்றது. இன்று ஏறத்தாழ 60 விளையாட்டுப் பத்திரிகையாளரும் ஒலிபரப்பாளரும் ஆட்டப் பருவத்தில் வாரந்தோறும் 25 அணிகளை வரிசைப்படுத்துகின்றனர். முதலிடத்துக்கு 25 புள்ளிகள், அடுத்ததற்கு 24, இறுதியிடத்துக்கு ஒன்று. கூட்டற் கணக்கிலே வஞ்சகம் எதுவுமில்லை.

ஆயின், கூட்டப்படும் புள்ளிகள் எங்கிருந்து பிறக்கின்றன? உயர்தரப் பிரிவில் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. அத்தனை அணிகளின் ஆட்டத்தையும் ஒருவர் கண்டு முடித்தல் இயலாது. காணாத இடத்தைப் பழம்புகழ் நிரப்புகின்றது. பருவத்தின் முதற் பட்டியலோ ஓர் ஆட்டமேனும் நடைபெறுமுன்பே வெளிவந்துவிடுகின்றது. அதில் உயரே வைக்கப்பட்ட அணி தோற்றாற் சில படிகள் இறங்கும். பட்டியலில் இடம்பெறாத அணியோ வென்று வென்றே ஒவ்வொரு படியாக ஏற வேண்டும்.

செல்வம் மிக்க கல்லூரிகள் சிறிய கல்லூரிகளைப் பணம் கொடுத்துத் தமது அரங்குக்கு அழைத்து ஆடுகின்றன. அவற்றின் அரங்குக்குத் தாம் செல்வது அரிது. பின்னர், 'வலியாரை நீங்கள் வென்றதில்லையே' என்று அச்சிறிய கல்லூரிகளே குறை கூறப்படுகின்றன. வாய்ப்பை மறுத்தவனே தகுதிக்குச் சான்று கேட்கின்றான்!

வரலாறு இதனினும் கொடியதொன்றைக் காட்டுகின்றது. ஜோன் மக்லெண்டனின் பயிற்சியிலே, கறுப்பின மாணவர் பயின்ற டென்னசி மாநிலக் கல்லூரியொன்று 1957, 1958, 1959 ஆகிய மூன்றாண்டுகளிலும் சிறு கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் தொடர்ந்து வெற்றியீட்டியது. அந்நாளிலே தென்மாநிலங்களின் பெருங்கல்லூரிகள் பலவற்றின் கதவுகள் கறுப்பினத்தவருக்கு மூடப்பட்டிருந்தன. நேர்மையான பத்திரிகையாளன் ஒருவன், தான் கண்ட அணிகளை மனச்சாட்சிப்படி வரிசைப்படுத்தியிருக்கலாம். ஆனால் அவன் கண்முன் எவர் வரலாம் என்பதை அவனுக்கு முன்பே சமுதாயம் தீர்மானித்துவிட்டது.

அப்படியாயின் அவன் குற்றமற்றவனா? பொய் சொல்லாமை ஒன்றே நீதியாகிவிடாது என்பதே எமது கருத்து. தீர்ப்பளிக்கும் உரிமையை ஏற்பவன், தன் பார்வைக்கு எட்டாதவர் எவர், ஏன் எட்டவில்லை என்று கேட்கும் கடமையையும் ஏற்கின்றான். மனிதரை நீக்கி இயந்திரக் கணக்கை வைத்தாலும் இக்கடமை நீங்காது. யார் யாரோடு ஆடுவது என்பதைப் பணம் தீர்மானிக்கும் வரை, கணக்கும் அவ்வேற்றத்தாழ்வையே உண்டு வளரும்.

விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களும் இதனைச் சிந்தித்தல் நன்று. வகுப்பின் முதல் மாணவனுடைய கையெழுத்தைக் கண்டதும் பேனா சற்றுத் தாராளமாவதில்லையா? துலாக்கோல் நேராக இருந்தாற் போதாது. தட்டில் ஏறவே இடம் பெறாதவர்களைத் தேடிச் செல்வதும் நடுநிலையின் பாற்பட்டதே.