அமுதம் நஞ்சான கதை

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பந்தியில் இரண்டாந்தடவை பாயசம் வேண்டாம் என்பதற்குக்கூட அந்தப் பழமொழி உதவுகிறது. ஆனால் மூச்சுக்காற்றைப் பற்றி அப்படிச் சொல்ல யாருக்குத் தோன்றும்? மூச்சுத் திணறுகிறவனுக்குப் பிராணவாயு கொடுக்கிறார்கள். நீலம் பாரித்த உதடு சிவக்கிறது. அதைக் கண்ணால் கண்டவர்கள் அதில் விஷம் உண்டென்றால் நம்புவார்களா?

1774-இல் அந்த வாயுவைப் பிரித்தெடுத்த ஜோசப் பிரீஸ்ட்லிக்கே லேசான சந்தேகம் இருந்தது. அதில் மெழுகுவர்த்தி வேகமாக எரிந்து தீர்வதைப் போல மனிதனும் வாழ்ந்து தீர்ந்துவிடுவானோ என்று கவலைப்பட்டார். கவலைதான், அதற்குமேல் போகவில்லை.

போனவர் லொரேன் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பிராணவாயு மிகுந்த காற்றில் சுண்டெலிகளை நாள்கணக்கில் அடைத்துவைத்தார். 1899-இல் வெளியிட்ட முடிவு இது: நுரையீரல்கள் நிமோனியா கண்டவைபோல் இறுகிவிட்டன; காற்று நிற்கவேண்டிய நுண்ணறைகளில் நீர் கசிந்து நிரம்பிவிட்டது. அப்படியான நுரையீரலால் பிராணவாயுவை வாங்கிக்கொள்ள முடியாது. சுற்றிலும் அதுவே நிறைந்திருக்க, அது கிட்டாமல் அந்த ஜீவன் போகிறது.

பின்னால் வந்தவர்கள் இன்னும் நுட்பமாகப் பார்த்தார்கள். முழுப் பிராணவாயுவில் வைத்த எலிகளில் பெரும்பாலானவை சுமார் மூன்று நாளில் செத்தன. முதலில் ஒரு வாரம் 85 சதவீதத்தில் பழக்கிய எலிகளோ அதைத் தாங்கின. இந்த இரண்டு வரியை எழுத எத்தனை கூண்டுகள் காலியாயினவோ!

வயலில் திரியும் எலிக்கு இந்த ஆபத்து ஒருநாளும் நேராது. தூய பிராணவாயு நாம் செய்தது. நம் நோயாளிக்காகச் செய்தது. பொது நன்மைக்காகச் செத்தது என்கிறோமே, அந்தப் பொதுவில் எலிக்குப் பங்கு எங்கே? இதற்கு நேர்மையான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும், குறைமாதக் குழந்தைகளுக்கு மேல்நாட்டு மருத்துவமனைகளில் பிராணவாயுவை வாரி வழங்கினார்கள். நல்லதுதானே, கூடினால் என்ன என்ற நினைப்பு. சுமார் பத்தாயிரம் குழந்தைகளுக்குப் பார்வை போயிற்று. அங்கே யாரும் எலியைக் கூண்டில் அடைக்கவில்லை. எலியின் இடத்தில் குழந்தை இருந்தது.

அதனால் அந்தச் சோதனைகளை வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை.

இன்றைக்கு நோயாளியின் விரலில் சிறு கருவியை மாட்டி, ரத்தத்தில் போதுமான பிராணவாயு சேர்ந்ததும் நர்ஸ் குழாயைத் திருகிக் குறைத்துவிடுகிறாள். பக்கத்தில் நிற்கும் உறவினருக்கு வயிறு பகீரென்கிறது. இதில்கூடவா கஞ்சத்தனம் என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. இவ்வளவும் எழுதிய நானும், என் வீட்டு மனிதர் அந்தக் கட்டிலில் கிடந்தால், முதலில் சண்டைக்குத்தான் போவேன்.